பாண்டிச்செல்வியின் செம்பு வளையம்

பாண்டிச்செல்வியைப் பற்றி எழுத உட்கார்ந்தால், முதலில் ஒரு பத்திரிகைக்காரரைத் திட்டிவிட்டுத்தான் என்னால் மேலே போக முடியும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் முதல் படம் ஓரளவு வந்த சமயத்தில் அவர் செய்தி எடுக்க வந்தார். அலங்காநல்லூர் பக்கத்தில் ஒரு சின்ன ஊர், கூலி வேலை செய்து வளர்த்த பெற்றோர், இன்று புற்றுநோய்க் கட்டிக்குள் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் கருவியை வடிவமைக்கிற பெண். அவருக்கு வாயெல்லாம் பல். ஜல்லிக்கட்டைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு விஷயத்துக்கு வந்தார்.

"வீட்டுல யாருக்கும் கேன்சர் வந்துச்சாம்மா?"

"இல்லண்ணே."

"சொந்தத்துல?"

"யாருக்கும் இல்லண்ணே. எல்லாரும் நல்லா இருக்காக."

அவர் முகம் விழுந்துவிட்டது. செய்தியும் வரவில்லை. எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை. வசதியான வீட்டுப் பையன் இயற்பியல் படித்தால், பிடித்திருக்கிறது, படிக்கிறான் என்று விட்டுவிடுவார்கள். சங்கிலிக்கும் தங்கப்பொண்ணுக்கும் பிறந்தவள் படித்தால் மட்டும் வீட்டில் ஒரு சாவு விழுந்திருக்க வேண்டுமா? அவளுக்கு அது பிடித்திருந்தது. பசுமலையில் விடுதியில் தங்கிப் படித்தபோது காந்தத்தையும் கம்பிச் சுருளையும் வைத்துக்கொண்டு சோற்றுமணி அடித்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருப்பாளாம். காரணம் அவ்வளவுதான்.

நான் ஐரின். பசுமலைக்காரி, விலங்கியல் படித்தவள். மதுரைக்கு வெளியே இருக்கும் அந்த ஆய்வுக்கூடத்தில் எலிகள் என் பொறுப்பு, செம்பு அவள் பொறுப்பு. அவளைவிட எனக்குப் பத்து வயது கூடுதல் என்பதால் அக்கா என்று கூப்பிடுவாள். வாய் மட்டும் தங்கச்சிக்குரிய வாய் கிடையாது.

நாங்கள் செய்யும் வேலைக்கு எலக்ட்ரான் பாராகாந்த ஒத்ததிர்வுப் படமெடுப்பு என்று பெயர். பெயரைச் சொன்னதும் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள் என்பதால் இ.பி.ஆர். என்று சுருக்கமாகச் சொல்வோம். கட்டி உள்ள எலியின் உடம்பில் ஒரு மருந்தை ஏற்றுகிறோம். அந்த மருந்தில் ஜோடி சேராமல் தனியாக நிற்கும் எலக்ட்ரான்கள் உண்டு. எலியைப் பெரிய காந்தத்துக்குள் வைத்து ரேடியோ அலையைச் செலுத்தினால் அந்தத் தனி எலக்ட்ரான்கள் பதில் கொடுக்கும். பக்கத்தில் ஆக்சிஜன் இருந்தால் பதில் ஒரு மாதிரி, இல்லாவிட்டால் வேறு மாதிரி. ஆக்சிஜன் குறைந்த கட்டி கதிர்வீச்சுக்கு லேசில் மசியாது. கட்டியின் எந்த மூலையில் மூச்சு முட்டுகிறது என்று முன்கூட்டியே படமாகக் காட்டிவிட்டால், வைத்தியம் பார்க்கிறவர்களுக்கு அது பெரிய துணை. எலியில் சரியாக வந்தால் என்றாவது ஒரு நாள் மனிதருக்கும் வரும்.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பதில் காதில் விழாத அளவுக்கு மெல்லியது. அதைப் பிடிக்க எலியைச் சுற்றி ஒரு செம்பு வளையம் வேண்டும். அதுதான் ரெசனேட்டர். வளையம் எவ்வளவு நன்றாக அதிர்கிறதோ, அவ்வளவு மெல்லிய பதிலையும் பிடிக்கும். ஆனால் எலியின் உடம்பு முழுக்க ஈரம். மணியைக் கையால் பிடித்துக்கொண்டு அடித்தால் டொக்கென்றுதானே கேட்கும், அதுபோல அந்த ஈரம் வளையத்தின் அதிர்வை அமுக்கிவிடும். எலியை விட்டு விலகி நிற்கப் பெரிய வளையமாகச் செய்தால் அதிர்வு நன்றாக இருக்கும், பதில் கிடைக்காது. ஒட்டினாற்போல் சின்னதாகச் செய்தால் அதிர்வே செத்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் பாண்டிச்செல்வி நான்கு வருடம் மல்லுக்கட்டினாள்.

"எம் மணி நல்லாத்தேன் அடிக்கிதுக்கா. ஒங்க எலிதான் கைய வச்சு அமுக்குது" என்பாள்.

"எலி என்னடி செய்யும்? அதுக்கு ரத்தம் ஓட வேணாமா?"

"கொஞ்சம் காய்ஞ்ச எலியாக் குடுங்க."

கணினியில் நாள் கணக்கில் கணக்குப் போடுவாள். பிறகு செம்புத் தகட்டை வெட்டி, வளைத்து, பற்றவைத்து, தெற்கு ஆவணி மூல வீதியில் ஒரு பட்டறையில் கொடுத்து வெள்ளி முலாம் பூசிக்கொண்டு வருவாள். அங்கே அவளை வளையல் வியாபாரி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். சரிவராத வளையங்களை ஒரு ரஸ்க் டப்பாவில் போட்டு வைப்பாள். டப்பா நிறைந்ததும் இன்னொரு டப்பா வந்தது.

கடைசியில் அவள் செய்தது இதுதான். வளையத்தை முழுசாக வைக்காமல் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு இடுக்கிலும் ஒரு பொடி மின்தேக்கியை வைத்து இணைத்தாள். மின்புலம் அந்த இடுக்குகளுக்குள்ளேயே அடைந்து கிடக்கும். எலியின் ஈரத்தை அது தொடாது. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. எத்தனை துண்டு, எவ்வளவு இடுக்கு, எந்த அளவு மின்தேக்கி என்று கண்டுபிடிப்பதற்குள் அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்துவிட்டது. அந்த வளையத்தில் எலியை வைத்து முதலில் எடுத்த படத்தைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். கட்டியின் நடுவில் ஆக்சிஜன் இல்லாத இடம் கரையோடு தெரிந்தது.

இனி பேராசிரியருக்கு வருகிறேன். அவர் பெயர் சிவப்பிரகாசம். கெட்டிக்காரர். அந்தக் காந்தத்துக்காக டெல்லிக்கும் சென்னைக்கும் அலைந்து அதை மதுரைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். கோபத்தில் அதை நான் மறைத்தால் அது பொய்யாகிவிடும். அவர் யாரிடமும் சாதி கேட்க மாட்டார். பாண்டிச்செல்வி வந்து சேர்ந்த அன்று, "அலங்காநல்லூர் பக்கமா? எந்த ஊரும்மா? ஊர்ல எந்தத் தெரு?" என்றுதான் கேட்டார். அவள் தெருவைச் சொன்னாள். "சந்தோஷம். நல்லா வரணும்" என்றார். அதற்குப் பிறகு அவர் அறையில் எல்லோருக்கும் டீ வந்தால் அவளுக்கு மட்டும் காகிதக் கோப்பையில் வரும். வெளியாட்கள் முன்னால் மட்டும் அவள் வளையம் "நம்ம பொண்ணு செஞ்ச ரெசனேட்டர்". அந்த 'நம்ம பொண்ணு' காதில் விழும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆயுத பூஜை விடுமுறை நாள்தான். ஆனாலும் எங்கள் கூடத்தில் எல்லோரும் காலையிலேயே வந்துவிட வேண்டும். பேராசிரியர் வீட்டில் ஹோமம் முடித்துவிட்டு நேராக இங்கே வருவார். சந்தனம், குங்குமம், ஹோமத்துக் கரியை நெய்யில் குழைத்த ரட்சை எல்லாம் கொண்டுவந்து ஒவ்வொரு கருவிக்கும் அவர் கையாலேயே பொட்டு வைப்பார். பிறகு பொரியும் சுண்டலும். நான் கிறிஸ்தவப் பெண். என்னையும் அன்பாகக் கூப்பிடுவார். எலிகளுக்குத் தீனி போட வேண்டும் என்று சொல்லி நான் எலிக்கூடத்துக்குள் போய்விடுவேன். பாண்டிச்செல்விக்கு மட்டும் அன்றைக்கென்று ஒரு வேலை முளைத்துவிடும். திருமங்கலத்தில் எங்களுக்குக் கடைசல் வேலை செய்துகொடுக்கும் ஒரு லேத் பட்டறைக்குப் போய் எதையாவது வாங்கிவர வேண்டும். வருடா வருடம் அதே நாள், அதே பட்டறை.

மூன்றாவது வருடம் நான் பொறுக்க முடியாமல் அவர் அறைக்கே போய்விட்டேன்.

"செல்விய ஏன் சார் இன்னிக்கு வெளிய அனுப்புறீங்க?"

"வேலைம்மா. வேலைக்கு நாள் கிழமை உண்டா?" என்றார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

அன்று மாலை நான் கொதித்துக்கொண்டிருந்தபோது பாண்டிச்செல்விதான் என்னைச் சமாதானம் செய்தாள். "விடுங்கக்கா. எனக்குத் தெரியாமயா இருக்கு? வருசா வருசம் அவரு கையெழுத்துப் போட்டாத்தேன் அடுத்த வருசம் நான் இங்க இருக்க முடியும். மொதல்ல வளையம் முடியட்டும்."

நான்காவது வருடம் வளையம் முடிந்தது. தீபாவளிக்குப் பிறகு வெளியூரிலிருந்து ஒரு வல்லுநர் குழு வந்து எங்கள் வேலையைப் பார்ப்பதாக இருந்தது. அவர்களுக்கு வளையம் பிடித்துவிட்டால் அதையே வைத்து அடுத்த கட்டத்துக்குப் போகலாம். வடிவமைத்தவள் என்று அவள் பெயர் வரும், அவள் வேலையும் நிலைக்கும். பிடிக்காவிட்டால் வெளிநாட்டு வளையம் ஒன்றை வாங்கிக்கொள்வார்கள். வாங்கிய வளையத்துக்கு வடிவமைப்பாளர் எதற்கு? அவள் ஊருக்குப் போக வேண்டியதுதான்.

ஆயுத பூஜை வந்தது. பேராசிரியர் அவளைத் திருமங்கலத்துக்கு அனுப்பினார். அவள் போனாள்.

பூஜை கழிந்து முதல் எலியைப் படமெடுத்தோம். திரையில் ஓர் ஓரமாக, பளிச்சென்று ஒரு புள்ளி. கட்டிக்குள் இருந்தாலாவது யோசிக்கலாம். எலியின் உடம்புக்கே வெளியே நின்றது. அதன் பளபளப்பில் மற்றதெல்லாம் மங்கிவிட்டது. மருந்து ஒழுகிவிட்டதோ என்று எலியை மாற்றினேன். புள்ளி அதே இடத்தில். பாண்டிச்செல்வி எலி படுக்கும் உள்பக்கத்தை ஸ்பிரிட்டால் அழுத்தித் துடைத்தாள். மறுபடியும் அதே புள்ளி.

வாராந்தரக் கூட்டத்தில் எல்லோரும் இருக்கும்போது பேராசிரியர் அந்தப் படத்தைச் சுவரில் பெரிதாகப் போட்டார்.

"இது என்னம்மா?"

"வளையத்துல ஏதோ ஒட்டியிருக்கு சார். வெறும் வளையத்த ஒருதடவ ஓட்டிப் பாத்தா இடம் தெரிஞ்சிரும். மிசின்ல எனக்குக் கொஞ்ச நேரம் குடுங்க."

"ஒட்டியிருக்கா? எப்படி ஒட்டும்? செய்யும்போது கை சுத்தமா இருந்தா எதுக்கு ஒட்டுது?"

"சுத்தமாத்தான் சார் செஞ்சேன். போன மாசம் எடுத்த படத்துல புள்ளி இல்லையே."

அவர் சிரித்தார். கோபமாகப் பேசியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வயிறு எரிந்திருக்காது. சிரித்துக்கொண்டே சொன்னார்: "சுத்தம்கிறது சொல்லிக்குடுத்து வர்றதில்லம்மா. வளர்ந்த எடத்துல வரணும். ஒன்னக் குத்தம் சொல்லல. இனிமே நீ மிசின்கிட்ட வர வேணாம். குழுகிட்ட நான் சொல்லிக்கிறேன், தயாரிப்புல அசுத்தம் கலந்துருச்சுன்னு."

அந்த அறையில் படித்தவர்கள் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். நான் மட்டும் எழுந்து, "இது என்ன பேச்சு சார்?" என்றேன். "எலியப் பத்தி மட்டும் பேசுங்க ஐரின்" என்றார். மற்றவர்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபத்தை எழுதினால் இந்தத் தாள் போதாது.

மறுநாளிலிருந்து பாண்டிச்செல்வி வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஸ்கூட்டியை நேராக அவள் ஊருக்கு விட்டேன். சங்கிலி அண்ணன் இப்போது சொந்தமாக ஒரு துண்டு நிலம் வைத்திருக்கிறார், கத்தரி போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க டீச்சர். என்னா நடந்துச்சுன்னு கேட்டா வாயவே தொறக்க மாட்டேங்கிறா" என்றார். நான் டீச்சர் இல்லை என்று பலமுறை சொல்லியிருக்கிறேன், அவர் விடுவதாக இல்லை.

அவள் வரப்பில் உட்கார்ந்து களையைப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தாள். பாதிக்குப் பாதி கத்தரிச் செடியும் சேர்ந்து வந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்து நீட்டினாள். விரல் நுனியெல்லாம் பற்றவைப்புச் சூடு பட்ட தழும்பு.

"பாருங்கக்கா. அசுத்தமான கை."

"எந்திரிடி."

"நான் ஒண்ணும் அழுகல. எனக்கு ஆத்திரம். அந்த மனுசன் மூஞ்சியில அந்த வளையத்த விட்டெறியணும்போல இருக்கு. ஆனா வளையம் நசுங்கிப் போகும்னுதேன் பேசாம வந்துட்டேன்."

தங்கப்பொண்ணு அக்கா மோர் கொண்டுவந்தார். அதைக் குடித்தபடி அங்கேயே முடிவு செய்தோம். மிஷினில் அவளுக்கு நேரம் கிடையாது. ஆனால் எலிகளுக்கு உண்டு. எந்த எலி எப்போது காந்தத்துக்குள் போக வேண்டும் என்று தீர்மானிப்பவள் நான். வரும் புதன்கிழமை பேராசிரியர் ஒரு கல்யாணத்துக்குப் போகிறார். அன்று பிற்பகல் ஓர் எலிக்கு என்று நேரம் எடுத்துக்கொண்டு எலியே இல்லாமல் ஓட்டுவது என்று பேசிக்கொண்டோம்.

புதன்கிழமை அப்படியே செய்தோம். மருந்து இல்லை, எலி இல்லை, காந்தத்துக்குள் வெறும் வளையம். திரை கருப்பாக இருக்க வேண்டும். புள்ளி வந்து நின்றது. படத்தில் அது நின்ற இடத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வளையத்தின் அடி விளிம்பு. எலி படுக்கும் உள்பக்கத்தைத் துடைத்தவள் அங்கே துடைத்திருக்கவில்லை, அங்கே யாரும் கைவைக்க வேண்டிய அவசியமே இல்லை. வளையத்தை வெளியே எடுத்து, பல் டாக்டர்கள் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடியைக் கீழே கொடுத்து, டார்ச் அடித்தோம்.

கருப்பாக ஒரு பொட்டு. மிளகளவு.

அவள் குனிந்து மோந்து பார்த்தாள். "நெய்யிக்கா" என்றாள்.

இரண்டு பேரும் நிமிர்ந்து கதவைப் பார்த்தோம். கதவில் அதே கருப்பு. கணினியின் நெற்றியில் அதே கருப்பு. அங்கெல்லாம் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தவர், வளையத்துக்கு மட்டும் கைக்குழந்தைக்கு உள்ளங்காலில் வைப்பதுபோல அடியில் வைத்திருக்கிறார். குழு வருகிறது, கண் படக்கூடாது. திருஷ்டி!

எரிந்த கரியில் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் மண்டிக் கிடக்கும். எங்கள் மருந்து பதில் சொல்லும் அதே இடத்தில் கரியும் பதில் சொல்லும், அதைவிடச் சத்தமாக. தண்ணீரில் குழைத்த சந்தனமாக இருந்திருந்தால் ஈரம் வளையத்தை அமுக்கியிருக்கும், அவள் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பாள். நெய் அப்படி அமுக்காது, சத்தமில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். கரியைப் பற்றிய இந்தப் பாடத்தை எங்களுக்கு எடுத்தவரே பேராசிரியர் சிவப்பிரகாசம்தான். தன் கையால் கரியை அப்பிவிட்டு, அந்தக் கரியைக் காட்டி ஒருத்தியின் பிறப்பையும் வளர்ப்பையும் இழுத்திருக்கிறார்.

நான் பஞ்சை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடாதீங்கக்கா. தொடச்சா, 'அப்பவே சொன்னேன்ல, இப்பத்தேன் சுத்தம் பண்ணிருக்கா'ன்னுருவாரு. அது அங்கனயே இருக்கட்டும்."

குழு வந்தது. மூன்று பேர். தலைமை தாங்கியவர் பவதாரிணி, சென்னையில் பல காலம் இ.பி.ஆரில் வேலை செய்தவர். நரைத்த தலை, குறைவான பேச்சு. பேராசிரியர் அழகாகப் பேசினார். வளையத்தின் வடிவத்தைப் புகழ்ந்தார், அதை 'எங்கள் குழு' உருவாக்கியதாகச் சொன்னார். பிறகு முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு, தயாரிப்பின்போது அசுத்தம் கலந்துவிட்டது, உள்ளூரில் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது, வெளியிலிருந்து வாங்குவதே நல்லது என்றார். பாண்டிச்செல்வி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்து எலிகளைப் பற்றி நான் பேச வேண்டும். எழுந்து போய் அந்த வெறும் வளையத்தின் படத்தைப் போட்டேன்.

"இதுல எலி இல்ல, மருந்தும் இல்ல. இது என்னன்னு இத வடிவமைச்சவங்க சொல்வாங்க" என்றேன். பேராசிரியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பவதாரிணி கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார்.

பாண்டிச்செல்வி முன்னால் வந்தாள். எல்லோரையும் மிஷின் அறைக்குக் கூட்டிப்போய், வளையத்தை வெளியே எடுத்து, கண்ணாடியைக் கீழே பிடித்து டார்ச் அடித்தாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். பவதாரிணி கதவில் இருந்த பொட்டையும் திரும்பிப் பார்த்தார்.

"ரட்சையா?" என்றார்.

பேராசிரியர் சுதாரித்துக்கொண்டார், அதையும் சொல்ல வேண்டும். "ஆமா மேடம், ஆயுத பூஜைக்கு வச்சது. நம்ம பழக்கம். நல்லது நடக்கணும்னு வச்சேன், அது இப்படி ஆயிடுச்சு" என்று சிரித்தார். கூட வந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். தங்கள் கூடத்தில் ஒரு வருடம் எலுமிச்சம்பழத்தை மின்விசிறியில் கட்டிவிட்ட கதையை ஒருவர் சொன்னார். எல்லாம் ஒரு வேடிக்கையாக முடிந்துவிடும்போல இருந்தது. சுத்தம் வளர்ந்த இடத்தில் வர வேண்டும் என்று சொன்ன வாய், அதே வாயால் சிரித்துக்கொண்டிருந்தது.

பாண்டிச்செல்வி சிரிக்கவில்லை. ஒரு ஜோடிக் கையுறையும் ஸ்பிரிட் நனைத்த பஞ்சும் எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"நீங்களே தொடைங்க சார்."

"நீயே தொடைம்மா, அதுக்கென்ன."

"பூஜைப் பொருள் சார். நான் தொட்டா சரிப்படாதுன்னுதான அன்னிக்கு என்னய இங்க இருக்கவிடல? நீங்களே தொடைங்க."

சிரிப்பு நின்றது. அவர் கையுறையைப் போட்டுக்கொண்டார். வளையத்தைத் திருப்பி வைத்துத் துடைத்தார். பஞ்சு கருப்பானது. அவள் அதை வாங்கி ஒரு கண்ணாடிக் குழாயில் போட்டு மூடினாள். வளையத்தைக் காந்தத்துக்குள் வைத்து ஓட்டினாள். திரை சுத்தக் கருப்பு. நான் தயாராக வைத்திருந்த எலியை வைத்தோம். கட்டியும் அதற்குள் மூச்சு முட்டும் மூலையும் நாங்கள் இதுவரை எடுத்த எந்தப் படத்தைவிடவும் தெளிவாக வந்தன. பவதாரிணி திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "இந்த ரெசனேட்டர் போதும். வெளியிலேர்ந்து எதுவும் வாங்க வேணாம்" என்றார்.

பிறகு அவளிடம் திரும்பினார். "எனக்கு ஒண்ணு புரியல. இவ்வளவு பார்த்துப் பார்த்து செஞ்சிருக்கீங்க. ஒருத்தர் இதுல கரிய வைக்கிறப்ப நீங்க தடுத்திருக்கலாமே. அப்போ எங்க இருந்தீங்க?"

"திருமங்கலத்துல மேடம். லேத் பட்டறையில போயி ஒரு மூடி வாங்கியாரச் சொல்லி சார் அனுப்புனாரு."

"அவசர வேலை மேடம்" என்றார் பேராசிரியர். "நீங்க வர்றதுக்குள்ள முடிக்கணுமே. வேலைக்கு நாள் கிழமை பாக்க முடியுமா?"

பாண்டிச்செல்வி அவரை நேராகப் பார்த்தாள். நான்கு வருடத்தில் அவள் அவர் கண்ணைப் பார்த்துப் பேசி நான் கண்டதில்லை.

"ஆயுத பூஜை அன்னிக்கு எந்தப் பட்டறையில சார் லேத் ஓடும்?" என்றாள். "மிசினக் கழுவி, மாலை போட்டு, சந்தனம் வச்சு நிறுத்தியிருப்பாக. வருசா வருசம் நான் அந்த மாலையப் பாத்துட்டுத்தேன் திரும்பி வாரேன். மொத வருசமே அந்தப் பட்டறைக்காரரு கேட்டாரு, 'இன்னிக்குப் போயி ஒன்னய யாரும்மா அனுப்புனது?'ன்னு. எனக்குச் சொல்லத் தெரியல சார். இப்ப மேடம் கேக்குறாங்க. நீங்க சொல்லுங்க."

பவதாரிணி பேராசிரியரைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். கையுறை மாட்டிய கைகளைத் தொங்கவிட்டபடி அவர் நின்றார். பிறகு கையுறையை ஒவ்வொரு விரலாக உருவ ஆரம்பித்தார்.